திரைக்கு இந்தப் பக்கம்

சத்யவேடு
27 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரகு எழுதுகிறேன். நானும் தரணியும் குழந்தையும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல் குறைந்ததா?

தரணியைக் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா, "இனிமே அவன் குரல் இந்த ஆத்துல கேட்கப்படாது" என்றார். மூன்று வருஷம் ஆகிறது. குரல்தானே கூடாது என்று, உன் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதம் போடச் சொன்ன மூளை உன்னுடையது. அந்த மூளைதான் அன்றைக்குக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. புத்தூரில் டீச்சர்களுக்குப் பயிற்சி என்றாயாம். ஞாயிற்றுக்கிழமை என்ன பயிற்சி என்று அப்பா கேட்கவில்லையா? நீ மாதா கோயில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தரணி அழுதுவிட்டாள். என் பக்கத்து மனுஷி ஒருத்தியாவது வந்தாளே என்று நானும் அவளிடம் சொன்னேன்.

இப்போது ஒரு விஷயம். பூசையின் கடைசியில் எல்லாரும் வரிசையில் போனபோது நீயும் எழுந்து போனாய். நான் தடுத்திருக்க வேண்டும், குழந்தை கையில் வீறிட்டுக்கொண்டிருந்தது. சாமியார் உன் கையிலும் அந்த வெள்ளை அப்பத்தை வைத்தார். நீ கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினாய். வாயில் போட்டுக்கொண்டாய் என்றே நினைத்திருந்தேன். நேற்று என் மாமியார் செங்கம்மா மெதுவாக வந்து, "மாப்ள, உங்க அக்கா அத்த துன்னல. முந்தானில முடிஞ்சிக்கினாங்க. நான் பாத்தேன்" என்றார். பத்து நாளாக யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு, பாதிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அது எங்கே இருக்கிறது அக்கா?

உன் தம்பி
ரகுராம்


திருப்பதி
5 டிசம்பர் 2024

ரகுவுக்கு நீரஜாவின் ஆசிகள். இங்கே எல்லாரும் க்ஷேமம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது.

மழை விட்ட பாடில்லை. பத்தாம் வகுப்பில் நாற்பத்தியொரு பேர், அதில் மூன்று பேருக்குத்தான் கிருஷ்ணா நதி எங்கே பிறக்கிறது என்று தெரியும். மற்றவர்கள் விஜயவாடாவில் என்கிறார்கள். ஹெட்மாஸ்டரம்மா தாட்சாயணி உன் கடிதத்தை என்னிடம் நீட்டும்போது, "எவரு நீரஜா, லெட்டர் ராசேது ஈ காலம்லோ?" என்று, இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிற அந்த ஆள் யார் என்று கேட்டுக் கண்ணடிக்கிறாள். இந்த வயதில் எனக்கு ஒரு காதல் இருப்பதாக ஸ்கூல் முழுக்கப் பேச்சு. நானும் மறுக்கவில்லை.

அப்பாவுக்கு இருமல் தேவலை. ஆனால் கொஞ்ச நாளாக சாயங்காலத்தில் வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளே அலமாரிப் பக்கம் நிற்கிறார். மடைப்பள்ளியில் நாற்பது வருஷம் அப்படிக் கட்டிக்கொண்டே பழகினவர். இப்போது தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அலமாரியைத் துடைக்கிறேன் என்றால், வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

குழந்தை உன் மூக்கோடு பிறந்திருக்கிறது, பாவம். குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லு.

அக்கா


சத்யவேடு
14 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன் கடிதம் முழுக்க மழையும் கிருஷ்ணா நதியும் இருக்கின்றன. நான் கேட்டது மட்டும் இல்லை. உன்னை எனக்குத் தெரியும். பதில் இல்லாத கேள்விக்கு நீ இப்படி இரண்டு பக்கம் எழுதுவாய்.

அது என்ன பொருள் என்று உனக்குச் சரியாகத் தெரியாமலிருக்கலாம் என்று எழுதுகிறேன். பிரசாதம் மாதிரி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பங்கு வைக்கிற பண்டம் இல்லை அது. இங்கே அதை 'நன்மை வாங்குவது' என்கிறார்கள். சாமியார் பீடத்தில் ஜெபித்த பிறகு அது அப்பம் இல்லை, ஆண்டவரே என்பது இவர்கள் நம்பிக்கை. அங்கேயே உட்கொண்டுவிட வேண்டும். துணுக்குக்கூடக் கீழே விழக்கூடாது.

நான் ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் நாள் முழுக்க மெஷின் பாகங்களைச் சோதிக்கிறவன். அளவுக்கு வந்தால் பச்சைச் சீட்டு, வராவிட்டால் சிவப்பு. எதையும் மூடி வைத்துக்கொண்டு 'நம்பு' என்றால் எங்கள் கம்பெனியில் சிரிப்பார்கள். ஒருநாள் செங்கம்மா அத்தையிடம் கேட்டேன். "மாவும் தண்ணியும் எப்படி ஆண்டவர் ஆகும்? உங்களுக்குத் தெரியுமா?" அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு மாப்ள முட்டி போட்டுக்கினு கீறேன்?" என்றார். நான் அதற்கு எந்தச் சீட்டை ஒட்டுவது?

ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரம் வந்தால் பெஞ்சில் இருக்கிற எல்லாரும் எழுந்து போவார்கள். நான் காலை ஒதுக்கி வழி விடுவேன். திரும்பி வரும்போது தரணியின் முகம் வேறு மாதிரி இருக்கும். எங்கே போய்விட்டு வந்தாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றாது.

அத்தை உன்மேல் கோபமாக இல்லை. அவர் கவலையே வேறு. "ஆண்டவரு யாரும் இல்லாத எடத்துல தனியா கீறாரோ இன்னாவோ" என்கிறார். என் கவலை இன்னொன்று. அது நம் வீட்டில் இருந்து, அப்பா கண்ணில் பட்டால் உன்னையும் இங்கே வர விடமாட்டார். எனக்கு அந்த வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே கதவு நீதான். தயவுசெய்து உண்மையைச் சொல்லு.

ரகு


திருப்பதி
6 ஜனவரி 2025

ரகுவுக்கு,

நலம். மார்கழி என்பதால் விடியற்காலை எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, எழுத நேரமில்லை.

அதை நான் சாப்பிட்டுவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே. செங்கம்மாவைக் கவலைப்படாமல் வயிறாரச் சாப்பிடச் சொல்லு.

நீரஜா


சத்யவேடு
20 ஜனவரி 2025

டீச்சரம்மாவுக்கு செங்கம்மா சொல்லி, தரணி எழுதுவது. (அண்ணி, அம்மா எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதச் சொல்கிறார்கள். திருத்தினால் பேனாவைப் பிடுங்குகிறார்கள்.)

நல்லா கீறீங்களாம்மா? உங்க நைனா நல்லா கீறாரா? மாப்ள வந்து நீங்க துன்னுட்டீங்கன்னு சொன்னாரு. எனக்கு மனசு லேசாப் போச்சி. அன்னிக்கித்தான் வயிறு ரொம்ப துன்னேன். நான் ஒண்ணும் உங்கள தப்பா நெனச்சிக்கல. எங்க ஊட்டுக்காரு அப்பாவு, நன்ம வாங்க போம்போது இன்னும் கையி நடுங்கும். நாப்பது வருசமா வாங்கிக்கினு கீறாரு, இன்னும் நடுங்குது. நீங்க மொத மொத வாங்கனீங்க. உங்களுக்கு எப்டி இருந்திச்சோன்னு எனக்கு ஆசையா கீது.

நான் படிக்காதவ. சாமியாரு மறைபொருளு மறைபொருளுன்னு சொல்வாரு. எனக்கு புரிஞ்சது இவ்ளோதான். நம்ம ஊட்டுக்கு பெரியவங்க யாராச்சும் வந்தா, இன்னாத்துக்கு வந்தீங்கன்னு கேக்க மாட்டோம். பாய போட்டு குந்த வச்சி, தண்ணி குடுப்போம். அவ்ளோதான். உங்க வயித்துல ஆண்டவருக்கு பாய போட்டீங்க இல்லியா, அது போதும் எனக்கு.

பொங்கலுக்கு கரும்பு வந்திச்சி. உங்களுக்கு குடுக்க முடியலியேன்னு மாப்ள பாத்துக்கினே இருந்தாரு. குழந்த இப்ப சிரிக்கிது.

இப்படிக்கு
செங்கம்மா (கைநாட்டு)


திருப்பதி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ரகு,

நீயும் தரணியும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இல்லை.

செங்கம்மாவின் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். 'எப்டி இருந்திச்சோன்னு ஆசையா கீது' என்கிற இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் சாப்பிடவில்லை ரகு. பொய் சொன்னேன். என்மேல் கோபித்துக்கொண்டவளிடம் பொய் சொல்லலாம். என்னை நம்பி வயிறாரச் சாப்பிட்டவளிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கு எனக்கு வரிசை என்றால் பிரசாத வரிசைதான். வரிசையில் நிற்காமல் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று எழுந்தேன். வலது கை நீட்டினேன், வைத்தார்கள். வாயருகே கொண்டுபோகும்போது கை நின்றுவிட்டது. சாப்பிட்டால் ஏதோ ஒரு கோட்டைத் தாண்டிவிடுவேன் என்று பயம். வைத்துவிட்டு வந்தால் உன் குழந்தையின் நல்ல நாளை அவமானப்படுத்தினேன் என்று பயம். நம் ஊரில் வழக்கம் என்ன? பிரசாதம் வாங்கினால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு துளி கொண்டுபோகாமல் வருகிறோமா? அவ்வளவுதான் தோன்றியது. முடிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் வீட்டிலிருந்து ஏதாவது இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. போட்டோ கொண்டுவந்தால் அப்பா பார்ப்பார். இனிப்பு என்றால் ஏது என்பார். அது ஒன்றுதான் ஒளித்து வைக்கிற அளவுக்குச் சின்னது. அம்மாவின் வெள்ளிச் சம்புடத்தில், துளசிச் சருகுக்கும் பச்சைக் கற்பூரத்துக்கும் நடுவில் வைத்தேன். அது எங்கே இருக்கும் தெரியுமே. பெருமாள் அலமாரியில், சாளக்கிராமம் எழுந்தருளியிருக்கிற கோயிலாழ்வாருக்குப் பக்கத்தில்.

செங்கம்மா கடிதம் வந்த அன்று, எடுத்து எப்படியாவது உன்னிடம் சேர்த்துவிடலாம் என்று சம்புடத்தைத் திறந்தேன். துளசி இருக்கிறது. கற்பூரம் இருக்கிறது. அது இல்லை.

இந்த வீட்டில் அந்த அலமாரியைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர். பத்து நாளாக அப்பா முகத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அக்கா


சத்யவேடு
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

சுகம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை. கடிதத்தை அத்தையிடம் மறைக்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். ஒரு பொய் போதும் என்று முழுதும் படித்துக் காட்டினேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். "சம்புடத்துல, சாமி பக்கத்துலியா வச்சாங்க? அப்ப தனியா இல்ல" என்றார். அப்புறம், "இப்ப எங்க கீறாரு?" என்று அழுதார்.

இன்று பூசைக்குப் பிறகு சாமியாரிடம் போய்ச் சொன்னேன். இந்த ஊர்ப் பக்கத்து ஆள்தான், என் வயதுதான் இருக்கும். "உங்க அக்கா பயபக்தியோடதான் எடுத்துப் போயிருக்காங்க. அது எனக்குப் போதும். ஆனா அப்படியே விடவும் முடியாது" என்றார். அது இன்னும் அப்பமாக இருக்கிறதென்றால் ஆண்டவர் இருக்கிறார். விசுவாசத்தில் இருக்கிற ஒருவர் போய் உட்கொண்டுவிடலாம். கெட்டுப்போயிருந்தால் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவர வேண்டும், கோயில் தோட்டத்து மண்ணில் ஊற்றுவார். தானே வருவதாகச் சொன்னார். நம் தெருவில் அங்கி போட்டுக்கொண்டு அவர் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து, பிறகு அவரே, "செங்கம்மா போகட்டும்" என்றார்.

அதனால் அப்பாவிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் அக்கா. தூக்கிப் போட்டிருந்தாலும் எங்கே போட்டார் என்று தெரிய வேண்டும். பழியை என்மேல் போடு. நான்தான் கொடுத்தனுப்பினேன் என்று சொல்லு. எனக்கு இனிமேல் இழக்க என்ன இருக்கிறது? உன்னைத் தவிர.

ரகு


திருப்பதி
3 மார்ச் 2025

அன்புள்ள ரகு,

உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்ததும் போய் முன்னால் நின்றேன். நீ சொன்ன பொய்யைத்தான் சொல்லலாம் என்று போனேன். வாயைத் திறந்ததும் உண்மை வந்துவிட்டது. புத்தூர் பயிற்சி, சத்யவேடு, வரிசை, முந்தானை, சம்புடம், எல்லாம்.

அப்பா, "தெரியும்" என்றார்.

"எப்போ தெரியும்?"

"நீ வெச்ச மறுநாளே தெரியும். துளசி எடுக்கப் போனேன். வெள்ளையா, வட்டமா, நடுவில சிலுவை. எங்கேர்ந்து வந்துதுன்னு கேட்கணுமா என்ன?"

"அப்போ ஏம்ப்பா கேட்கலை?"

"ஞாயித்துக்கெழமை புத்தூர்ல ட்ரெயினிங்னு சொன்னியே, அதையே நான் கேட்கலையே."

அப்புறம் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெருமாள் பக்கத்துல வெச்சுக்க எனக்கு சாஸ்திரம் இடம் கொடுக்கலை. தூக்கிப் போடலாம்னு கையில எடுத்தேன். யாரோ, எங்கேயோ, யாருக்கோ அமுது செய்யப் பண்ணின வஸ்து. அதை எறியறதுக்கு நான் யாரு? மடைப்பள்ளியில தளிகை ஆயாச்சுன்னா, சாப்பிடறவா வர வரைக்கும் காப்பாத்தறது நம்ம பொறுப்பு. நன்னாருக்கா இல்லையான்னு நாம பார்க்கப்படாது, மோந்துகூடப் பார்க்கப்படாது. இது யாரோட தளிகைன்னு எனக்குத் தெரியாது. ஆனா காப்பாத்தத் தெரியும்."

எழுந்து போய் உள் அலமாரியைக் காட்டினார். கீழ்த் தட்டில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர். நடுவில் மூடி போட்ட வெள்ளிக் கிண்ணம். எறும்பு வராமலிருக்கத் தண்ணீர் கட்டியிருக்கிறார். முன்னால் ஒரு வெள்ளைத் துணி, திரையாக. தினமும் சாயங்காலம் தண்ணீர் மாற்றுவதற்காகத்தான் ரகு, அந்தத் துண்டு. மூச்சுக் காற்று படக்கூடாதாம். நான் தூசி என்று எழுதினேன். மூன்று மாதமாக நான் அதற்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அந்த அம்மாவை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். இந்த வீட்டில் நடையைத் தாண்டி வேற்று ஜாதிக்காரர்கள் வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா ரொம்ப நேரம் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கார்டு கேட்டார். இதற்குள் வைத்திருக்கிறேன். தமிழில் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது, கை பழகவில்லை என்று இரண்டு தடவை எழுதினார்.

ஸ்கூலுக்கு நீ கடிதம் போடுவதும் அவருக்குத் தெரியுமாம். "குரல் வேண்டாம்னேன். எழுத்து வேண்டாம்னு சொல்லலையே" என்கிறார். என் மூளை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

நீரஜா


ஸ்ரீ:
திருப்பதி
2 மார்ச் 2025

சௌபாக்கியவதி செங்கம்மாளுக்கு லக்ஷ்மிநரசிம்மன் எழுதிக்கொண்டது.

தங்கள் குடும்பத்தார் யாவரும் க்ஷேமமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். தங்களுக்குச் சேர வேண்டிய வஸ்து ஒன்று என்னிடத்தில் பத்திரமாக இருக்கிறது. சிதையவில்லை. தாங்கள் வந்து ஏற்றுக்கொள்ளும் வரை பார்த்துக்கொள்கிறேன். ஆகாரம் கொள்ளாமல் வரவேண்டிய நியமம் உண்டானால் அப்படியே வரவும். வருகிற நாளை முன்கூட்டித் தெரிவித்தால் நான் வேண்டிய ஏற்பாடு செய்வேன்.

துணைக்கு யார் வந்தாலும் ஆட்சேபணை இல்லை.


திருப்பதி
25 மார்ச் 2025

ரகுவுக்கு,

எல்லாரும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நேற்று நீங்கள் வருகிற நாளாகப் பார்த்து எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மேற்பார்வை. விடுப்புக் கேட்டதற்கு, பிள்ளை பெற்றால்கூட பரீட்சை முடிந்துதான் என்றாள் தாட்சாயணி. ஹாலில் மூன்று மணி நேரம் நின்றேன். ஒரு பையன் என் கண்முன்னால் பார்த்து எழுதினான், அது என் மனசில் பதியவே இல்லை.

இரண்டு மணிக்கு ஓடி வந்தால் வீட்டில் யாரும் இல்லை. அப்பா ஊஞ்சலில் தூங்குகிறார். உள் அலமாரியில் கிண்ணமும் இல்லை, தாம்பாளமும் இல்லை. எழுப்பிக் கேட்டேன். "வந்தா. ஆச்சு. போனா" என்றார். மூன்று வார்த்தை! ராத்திரி மறுபடியும் கேட்டேன். "திரை போட்ட பிறகு நடக்கறதை வெளியில சொல்ற வழக்கமில்லை" என்கிறார்.

ஒன்று மட்டும் மனசை அரிக்கிறது. கூடம் முழுக்கக் கழுவி விட்டிருந்தது. நீங்கள் வருவதற்கு முன்பா, போன பிறகா? அவரிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. பின்பு என்றால் நான் அதைத் தாங்கமாட்டேன்.

உடனே எழுது.

அக்கா


சத்யவேடு
30 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் நலம். அத்தை மூன்று வேளையும் சாப்பிடுகிறார்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். முன்புதான். நாங்கள் நடையில் நின்றபோது அப்பா வாளியும் துணியுமாகக் குனிந்து கூடத்தின் கடைசி மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயதில். அத்தை பஸ் ஸ்டாண்டிலேயே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்திருந்தார். ஈரத்தில் அவர் கால் தடம் பதிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே பின்வாங்கினார். அப்பா, "பாதகமில்லை, வாங்கோ. உங்களுக்காகத்தான் அலம்பினேன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

சமையலறைக்குப் பக்கத்து ரேழியில் குறுக்கே கயிறு கட்டி, தன் புது வேஷ்டியைத் திரையாகப் போட்டிருந்தார். உள்ளே ஒரு மணை. துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு கிண்ணத்தைக் கொண்டுவந்து மணையில் வைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் வெளியே வந்தார். அத்தை உள்ளே போனார். அப்பா திரையை இழுத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கையில் பூஜை மணி.

நான் அங்கேயே நின்றேன். அப்போதுதான் என்னிடம் பேசினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"நீ உள்ளே போகலையா?"

"எனக்கு அதுக்கு உரிமை இல்லைப்பா."

"ஏன்?"

"நான் ஞானஸ்நானம் வாங்கலை. வாங்கினவாதான் சாப்பிடலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துண்டுக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. நான் மதம் மாறிவிட்டேன் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார் அக்கா. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை, அப்பா முன்னால் என் பேச்சை எடுக்கவே நீ பயந்திருப்பாய்.

"அப்போ ஞாயித்துக்கெழமையில எல்லாரும் போறச்சே நீ என்ன பண்ணுவே?"

"பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். வழி விட்டுட்டு."

திரைக்கு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அப்பா சொன்னார். "நாப்பது வருஷம் தளிகை சுமந்துண்டு போய் பெருமாள் சன்னிதியில வெச்சேன். திரை போட்டுடுவா. நான் வெளியிலதான் நிப்பேன். ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கலையேன்னு குறையும் பட்டதில்லை. நிக்கறதும் ஒரு கைங்கர்யம்தான்." சொல்லிவிட்டு ஒரு அடி நகர்ந்து, சுவர் ஓரமாக எனக்கு இடம் விட்டார். நானும் அவர் மாதிரியே திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் தோள் அவர் தோளில் பட்டது. அவர் விலகவில்லை. நான் அழுதேன் அக்கா, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அப்புறம் அவர் தணிந்த குரலில் கேட்டார். "மணி எப்போ அடிக்கணும்? ஆச்சுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாதுப்பா."

அப்படியே இரண்டு பேரும் நின்றோம். அத்தையே கிண்ணத்தைத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அப்பா மணியை அடித்தார். அத்தை கை கூப்பி, "ஐயா, புதுசு மாதிரியே வச்சிருந்தீங்க. அவரு உங்கள மறக்க மாட்டாரு" என்றார். அப்பா வாய்த் துண்டை அவிழ்த்துக்கொண்டே, "தளிகை ஆயிருக்கு. சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றார். புளியோதரையும் தயிர்சாதமும். இலை போட்டு அவரே பரிமாறினார். அவர் எங்களோடு உட்காரவில்லை. அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் இல்லை.

நடையில் நான் செருப்பு மாட்டும்போது அப்பா, "குழந்தைக்கு என்ன பேரு?" என்றார். ஞானஸ்நானப் பெயர் மரியா, வீட்டில் வரலக்ஷ்மி என்றேன். அம்மாவின் பெயரைக் கேட்டதும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் திட்டுகிற குரலில் சொன்னார். "தபாலுக்கு எட்டு நாள் ஆறது. ஆத்துல போன் சும்மாதானே கிடக்கு?"

அதனால் இது கடைசிக் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். மணி அடித்தால் நீ எடுக்காதே.

ரகு